பிளஸ் ஒன் சேர்க்கைக்கு முன்னாடி ஒரு அக்கா



பத்தாவது ரிசல்ட் வந்த அன்னைக்கு வீட்டுல எல்லாரும் மார்க்கைத்தான் பாப்பாங்க. கணக்குல எவ்வளவு, சயின்ஸ்ல எவ்வளவு, ஸ்கூல் ஃபர்ஸ்ட் யாரு. ஆனா ஒரு பொண்ணோட படிப்புல பெரிய முடிவு அன்னைக்கு நடக்கறதில்ல. அதுக்கப்புறம், பிளஸ் ஒன் சேர்க்கை ஃபாரத்துல எந்த குரூப்னு எழுதற இடத்துலதான் நடக்குது.

பதினஞ்சு வயசுப் பொண்ணு. வீட்டுல இதுவரைக்கும் யாரும் காலேஜ் வாசலை மிதிச்சதில்ல. கணக்கு அவளுக்கு நல்லா வரும். ஆனா கூடப் படிக்கற தோழி காமர்ஸ் எடுக்கறா. மாமா ஒருத்தர், "மேத்ஸ் ரொம்பக் கஷ்டம், உனக்கு எதுக்கு அது"ன்னு சொல்றார். மேத்ஸ் குரூப் இருக்கற ஸ்கூலுக்கு ரெண்டு பஸ் மாறணும், வேண்டாம்னு அம்மா சொல்றாங்க. கையெழுத்துப் போட்டாச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு, இன்ஜினியரிங் கலந்தாய்வுக்கான கட்-ஆஃப் கணக்கு அவளுக்குத் தெரியவருது. மொத்தம் 200. அதுல கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. அவ படிச்ச குரூப்ல இந்த மூணும் இல்ல.

காமர்ஸ் ஒண்ணும் குறைச்சலான படிப்பு இல்ல. விருப்பப்பட்டு, தெரிஞ்சு எடுத்தா ரொம்ப நல்லது. இவ தெரியாம எடுத்தா. அதுதான் எனக்கு வருத்தம். அந்த ஃபாரத்துல எழுதறதுக்கு முன்னாடி அவ பக்கத்துல யார் உட்கார்ந்திருக்கணும்? அதைப் பத்தித்தான் இந்த வீடியோ.

"பொண்ணுங்களுக்கு சயின்ஸ்ல ஆர்வம் கம்மி"ன்னு இன்னும் நிறையப் பேர் நம்பறாங்க. அது தப்பு. மத்திய அரசோட உயர்கல்விக் கணக்கெடுப்பு, 2021-22ம் ஆண்டுக்கானது, என்ன சொல்லுதுன்னு பாருங்க.

[திரையில்: அறிவியல் படிப்புகள், மொத்தம் 57.2 லட்சம் பேர். பெண்கள் 29.8 லட்சம், ஆண்கள் 27.4 லட்சம்]

அறிவியல் பிரிவுல பசங்களை விட பொண்ணுங்கதான் அதிகம். ஆனா நம்ம நாட்டு ஆராய்ச்சிக் கூடங்கள்ல வேலை பாக்கறவங்கள எண்ணினா அஞ்சுல ஒருத்தர்கூட பெண் இல்ல. ஆர்வத்தோட உள்ள வந்தவங்கதான் வழியில எங்கெங்கயோ இறங்கிடறாங்க. குரூப் எடுக்கும்போது கொஞ்சம் பேர், பிளஸ் டூ முடிச்சு விண்ணப்பம் போடும்போது கொஞ்சம் பேர், காலேஜ்ல முதல் செமஸ்டர்ல கொஞ்சம் பேர், கல்யாணப் பேச்சு வரும்போது நிறையப் பேர். வழிகாட்டறதுன்னா இந்த இடங்கள்ல கூட நிக்கறது.

இதுக்கு நம்ம சென்னையிலயே ஒரு பழைய உதாரணம் இருக்கு. கொஞ்சம் விரிவா சொல்றேன்.

ஏ. லலிதா. 1919ல பிறந்தவங்க. 15 வயசுல கல்யாணம். 18 வயசுல கணவர் இறந்துட்டார், கையில நாலு மாசக் குழந்தை. அந்தக் காலத்துல அந்த நிலைமையில இருந்த ஒரு பொண்ணுக்கு ஊர் என்ன விதிச்சிருக்கும்னு உங்களுக்குத் தெரியும். லலிதா படிக்கணும்னு முடிவு பண்ணாங்க. குழந்தையை விட்டுட்டு ராத்திரி பகல் பாக்காம டியூட்டிக்கு ஓட முடியாதுங்கறதால மருத்துவம் வேண்டாம்னு நினைச்சு இன்ஜினியரிங் பக்கம் வந்தாங்க. அப்பா பப்பு சுப்பாராவ் கிண்டி பொறியியல் கல்லூரியில பேராசிரியர். அவர் கல்லூரி முதல்வர் கே.சி. சாக்கோகிட்ட பேசினார், கல்வித்துறை இயக்குநர்கிட்ட பேசினார். ஆம்பளைங்க மட்டுமே படிச்ச கல்லூரியில லலிதாவுக்கு இடம் கிடைச்சது.

எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்சது இதுக்கு அடுத்து நடந்தது. யாரும் அவங்களைக் கொடுமைப்படுத்தல. ஆனா நூத்துக்கணக்கான பசங்க நடுவுல ஒரே ஒரு பொண்ணு, ஹாஸ்டல்ல தனியா. பேச ஆள் இல்ல. அப்பா அதைக் கவனிச்சார். "சமாளிச்சுக்கோம்மா"ன்னு சொல்லிட்டுப் போகல. இன்னும் பெண்களைச் சேர்க்கணும்னு கல்லூரியைக் கேட்டார், பேப்பர்ல விளம்பரம் வந்தது. லீலாம்மா ஜார்ஜ், பி.கே. த்ரேசியான்னு ரெண்டு பேர் சிவில் பிரிவுல வந்து சேர்ந்தாங்க. 1943ல லலிதா எலக்ட்ரிக்கல் இன்ஜினியரா வெளிய வந்தாங்க. பின்னாடி பக்ரா நங்கல் அணைக்கான மின்கடத்தல் வடிவமைப்புல வேலை பாத்தாங்க. த்ரேசியா கேரளப் பொதுப்பணித்துறையில தலைமைப் பொறியாளர் ஆனாங்க.

சுப்பாராவ் செஞ்சதை ஒண்ணு ஒண்ணா பாருங்க. சீட் வாங்கிக் கொடுத்தார், அது ஒரு வேலை. உள்ள போனப்புறம் மக தனியாளா நிக்கக்கூடாதுன்னு துணை தேடினார், அது ரெண்டாவது வேலை. நாம பெரும்பாலும் முதல் வேலையோட நிறுத்திடறோம்.

அந்த ரெண்டாவது வேலைக்கு எவ்வளவு பலன்னு அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹெர்ஸ்ட் வளாகத்துல சோதிச்சுப் பாத்திருக்காங்க. தாரா டென்னஹி, நிலாஞ்சனா தாஸ்குப்தா ரெண்டு பேரோட ஆய்வு, 2017ல வெளியானது. இன்ஜினியரிங் முதல் வருஷம் சேர்ந்த 150 மாணவிகள். சிலருக்கு ஒரு சீனியர் மாணவியை வழிகாட்டியா கொடுத்தாங்க, சிலருக்கு ஒரு சீனியர் மாணவரை, மீதிப் பேருக்கு யாரும் இல்ல. முதல் வருஷக் கடைசியில யாரும் இல்லாத மாணவிகள்ல 11 சதவீதம் பேர் இன்ஜினியரிங்கை விட்டுட்டாங்க. மாணவரை வழிகாட்டியா பெற்றவங்கள்ல 18 சதவீதம் பேர் விட்டுட்டாங்க. சீனியர் அக்கா கூட இருந்தவங்கள்ல ஒருத்தர்கூட விடல.

அப்ப அந்த அக்கா நல்லா டியூஷன் எடுத்திருப்பாங்கன்னு தோணும். இல்ல. மார்க்ல பெரிய வித்தியாசம் வரல. "இது எனக்கான இடம், என்னால முடியும்"ங்கற நம்பிக்கை மட்டும்தான் குறையாம நின்னது. மார்க் நல்லா இருக்கும்போதே விட்டுட்டுப் போற பொண்ணுங்க இருக்காங்க, கவனிங்க. பெரிய விஞ்ஞானி தேவைப்படல. ரெண்டு வருஷம் முன்னாடி அதே லேப்ல உட்கார்ந்து முழிச்ச ஒரு பொண்ணு போதும்.

சரி, நம்ம ஊர் அரசுப் பள்ளியில படிக்கற பொண்ணுக்கு ஒரு அக்கா என்ன செய்யணும்? "பெரிசா கனவு காணு"ன்னு சொல்றதை அவ நிறையக் கேட்டாச்சு. அவளுக்கு வேண்டியது தகவல், சரியான நேரத்துல.

பத்தாவது முடியறதுக்கு முன்னாடியே எந்த குரூப் எடுத்தா எந்தக் கதவு திறக்கும்னு அவளோட உட்கார்ந்து ஒரு தாள்ல எழுதுங்க. பத்தாவதுக்கு அப்புறம் பாலிடெக்னிக்ல மூணு வருஷ டிப்ளமோ முடிச்சா பி.இ. நேரா ரெண்டாம் வருஷத்துல சேரலாம்னு எத்தனை வீட்டுக்குத் தெரியும்? தரமணியில பெண்களுக்குன்னே அரசு பாலிடெக்னிக் இருக்குன்னு தெரியுமா?

அப்புறம் பணம். வீட்டுல முதல் "முடியாது" இங்கதான் வரும். ஆறாவதுல இருந்து பிளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்கு இன்ஜினியரிங் உள்ளிட்ட தொழிற்படிப்புகள்ல 7.5 சதவீத இடஒதுக்கீடு 2021ல வந்தது. அதுல சேர்ந்தா கல்விக் கட்டணமும் ஹாஸ்டல் கட்டணமும் அரசாங்கம் கட்டும்னு அறிவிச்சாங்க. புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர்ல ஆரம்பிச்சது. அரசுப் பள்ளியில படிச்சு டிகிரி, டிப்ளமோ, ஐ.டி.ஐ. எதுல சேர்ந்தாலும் மாசம் 1000 ரூபாய் அவ வங்கிக் கணக்குக்கே வரும்படி கொண்டுவந்த திட்டம். வீட்டுல முதல் ஆளா காலேஜ் போறவளுக்கு முதல் பட்டதாரிச் சான்றிதழ் இருந்தா கட்டணச் சலுகை தனியா உண்டு. அந்தச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் எல்லாத்துக்கும் இ-சேவை மையத்துக்கு எப்பப் போகணும்? கலந்தாய்வு ஆரம்பிச்ச பிறகு ஓடினா கைக்கு வந்து சேராது. லீவுலயே போயிடணும். இதைச் சொல்ற அக்காவும் வழிகாட்டிதான். மேடைப் பேச்சை விட இந்த ஒரு வார்த்தைக்குப் பலன் அதிகம்.

நல்ல மார்க் எடுக்கற பொண்ணா? ஐ.ஐ.டி.க்கான ஜேஇஇ மெயின் தேர்வை 2021ல இருந்து தமிழ்லயும் எழுதலாம். அதைத் தாண்டி அட்வான்ஸ்டு தேர்வு மட்டும் இங்கிலீஷ்லயும் ஹிந்தியிலயும்தான் நடக்குது. இந்த வித்தியாசத்தை பிளஸ் ஒன்லயே சொல்லிட்டா ரெண்டு வருஷம் தயாராகிக்கலாம். ஐ.ஐ.டி.கள்ல 2018ல இருந்து பெண்களுக்குக் கூடுதல் இடங்கள் உருவாக்கினாங்க, பெண்கள் பங்கு 20 சதவீதத்துக்கு வரணும்னு. விண்ணப்பம் போடாதவளுக்கு அந்த இடத்தால என்ன பிரயோஜனம்? ஜேஇஇ எழுதல, காமர்ஸ் படிச்சாச்சுன்னாலும் சென்னை ஐ.ஐ.டி.யோட டேட்டா சயின்ஸ் பி.எஸ். படிப்பு இருக்கு. நாலு வாரப் பாடம் படிச்சு தகுதித் தேர்வு எழுதி உள்ள போகலாம். வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு. குரூப் தப்பாப் போச்சுன்னு அழுதுட்டு இருக்கற பொண்ணு யாராவது தெரிஞ்சா இதை இன்னைக்கே சொல்லுங்க.

அம்மா அப்பாவை விட்டுட்டு மகளோட மட்டும் பேசறதால ஒண்ணும் நடக்காது. அவங்ககிட்ட பெண் கல்வியோட பெருமையைப் பேச வேண்டாம், அது அவங்களுக்கும் தெரியும். அவங்க பயம் வேற. ஹாஸ்டல் கேட்டை எத்தனை மணிக்குப் பூட்டுவாங்க? வார்டன் நம்பர் என்ன? ஊருக்கு வர்றப்ப பஸ் எங்க ஏறணும்? படிச்சு முடிச்சா என்ன வேலை, எந்த ஊர்ல? இந்தக் கேள்விகளுக்கு, அந்தக் காலேஜ்லயே படிக்கற ஒரு பொண்ணு அவங்க வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து பதில் சொன்னா அப்பா மனசு இறங்கறதை நான் பாத்திருக்கேன்.

பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பேசறவங்களுக்கும் ஒரு விஷயம். பிரான்ஸ்ல பாரீஸ் பக்கத்துப் பள்ளிகள்ல பெண் விஞ்ஞானிகளை ஒரு மணி நேரம் வகுப்புல பேச வச்சு, அதோட விளைவை ஆராய்ச்சியாளர்கள் அளந்தாங்க. பத்தாம் வகுப்புல பலன் தெரியல. பன்னிரண்டாம் வகுப்புல அறிவியல் படிச்ச மாணவிகள்ல, போட்டி அதிகமான அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளுக்குப் போனவங்க எண்ணிக்கை கூடிச்சு. விண்ணப்பம் கையில இருக்கற நேரத்துல வந்த பேச்சு அது. இன்னொண்ணும் தெரிஞ்சது: "இந்தத் துறையில பெண்கள் எவ்வளவு கம்மி தெரியுமா"ன்னு அழுத்தி அழுத்திச் சொன்ன பேச்சை விட, வேலையைப் பத்தி ஆசையாப் பேசினதுதான் வேலை செஞ்சது. அதனால வகுப்புல போய் புலம்பாதீங்க. உங்க வேலையைக் காட்டுங்க.

செங்கோட்டையில அரசுப் பள்ளியில படிச்சு, திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரிக்குப் போய், 1987ல இஸ்ரோவுல சேர்ந்தவங்க நிகர் ஷாஜி. ஆதித்யா-எல்1 விண்கலத்தோட திட்ட இயக்குநரா இருந்தவங்க. பூமியில இருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்னு சூரியனைப் பாக்குது அந்தக் கலம். அவங்க பேரைச் சொல்லி "இவங்களை மாதிரி வாங்க"ன்னு முடிச்சா பிள்ளைங்க கைதட்டிட்டுப் போயிடுவாங்க. ஒரு விண்கலம் அந்த இடத்துல எப்படி நிக்குது, எரிபொருள் எவ்வளவு வேணும், அதுக்குக் கணக்கு எங்க வருதுன்னு கரும்பலகையில போட்டுக் காட்டுங்க. கேள்வி கேக்க ஆரம்பிப்பாங்க.

இன்னும் நல்லது, கையில வேலை கொடுக்கறது. 2022ல நாடு முழுக்க 75 அரசுப் பள்ளிகள்ல இருந்து 750 மாணவிகள் சேர்ந்து ஆசாதிசாட்ங்கற சின்ன செயற்கைக்கோளுக்கான பாகங்களைத் தயாரிச்சாங்க. மதுரை மாவட்டம் திருமங்கலம் அரசுப் பெண்கள் பள்ளி மாணவிகளும் அதுல இருந்தாங்க. ஆகஸ்ட் 7ம் தேதி அதை ஏத்திக்கிட்டு இஸ்ரோவோட எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட் கிளம்பிச்சு. ரெண்டாவது கட்டம் பிரியும்போது வந்த அதிர்வால உணரிகள் சரியா இல்லைன்னு ராக்கெட் கம்ப்யூட்டர் முடிவு பண்ண, வேற வழியில போய் தப்பான சுற்றுப்பாதையில விட்டுடிச்சு. செயற்கைக்கோள் போயிடிச்சு. இஸ்ரோவுல காரணத்தைக் கண்டுபிடிச்சாங்க, திருத்தினாங்க, 2023 பிப்ரவரி 10ம் தேதி ஆசாதிசாட்-2 சரியான சுற்றுப்பாதைக்குப் போய்ச் சேர்ந்தது. தோல்விக்குக் காரணம் தேடறதும் இந்த வேலையில ஒரு பகுதின்னு பாடப்புத்தகத்துல இருந்து இவ்வளவு நல்லாக் கத்துக்க முடியாது.

வழிகாட்ட வர்ற எல்லாரும் கண்டிப்பாக் கடைப்பிடிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. இவங்க பதினெட்டு வயசுக்குக் கீழ இருக்கற பிள்ளைங்க. தலைமையாசிரியருக்கும் பெற்றோருக்கும் தெரியாம எந்தப் பேச்சும் வேண்டாம். தனியாச் சந்திக்க வேண்டாம், பள்ளியிலயே குழுவாப் பேசுங்க. ராத்திரி மெசேஜ் வேண்டாம். நிறைய வீட்டுல ஃபோன் அப்பாவோடதுதான், அதுலயே பேசுங்க, அவரும் கேக்கட்டும். வீட்டுல கல்யாண ஏற்பாடு நடக்குதுன்னு ஒரு பிள்ளை சொன்னா நீங்க தனியாப் பஞ்சாயத்துப் பண்ணாதீங்க. டீச்சர்கிட்ட சொல்லுங்க, 1098க்குக் கூப்பிடுங்க. குழந்தைகளுக்கான உதவி எண் அது.

இதைப் பாக்கற காலேஜ் மாணவிகளே, உங்களைத்தான் கேக்கறேன். வேலை கிடைச்சு, பேர் வாங்கினதுக்கு அப்புறம் போகலாம்னு தள்ளிப் போடாதீங்க. ரெண்டாம் வருஷம், மூணாம் வருஷம் படிக்கற நீங்கதான் அந்தப் பிள்ளைங்களுக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கீங்க. அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது நீங்க படிச்ச பள்ளிக்குப் போங்க. ஹெச்.எம்.கிட்ட அனுமதி கேட்டு, பத்தாம் வகுப்புப் பிள்ளைங்களோட ஒரு மதியம் உட்காருங்க. குரூப் பத்தி, சான்றிதழ் பத்தி, உங்க ஹாஸ்டல் பத்தி, நீங்க வச்சு அப்புறம் எழுதி முடிச்ச அரியர் பத்திப் பேசுங்க. பிளஸ் ஒன் சேர்க்கை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி போயிடுங்க.