உங்களுக்குத் தெரியுமா? பல்பு வெளிச்சத்தில் பச்சைச் செடி!

வீட்டுக்குள் செடி வளர்க்க 'க்ரோ லைட்' என்று ஊதா நிறத்தில் ஒன்றை ஆயிரக்கணக்கில் விலை சொல்லி விற்கிறார்களே, அது இல்லாமலே செடி வளரும்! தெருமுனை எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் 9 வாட் வெள்ளை எல்.இ.டி. பல்பு போதும். விலை? நூறு ரூபாயை ஒட்டித்தான்!

அந்த வெள்ளை பல்புக்குள் எரிவது வெள்ளையே இல்லை. நீலம்! நம்பிக்கை இல்லையா? ஃபியூஸ் போன பல்பு ஒன்றின் மேல்மூடியைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே வட்டத் தகட்டில் குட்டிக் குட்டியாக மஞ்சள் சதுரங்கள். நீல ஒளி அந்த மஞ்சள் பூச்சைத் தாண்டி வரும்போதுதான் நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது!

அந்த நீல எல்.இ.டி.க்கு நோபல் பரிசே கிடைத்திருக்கிறது. ஆண்டு 2014. அகாசாகி, அமானோ, நகமுரா என்று மூன்று பேர். மூவரும் ஜப்பானில் பிறந்தவர்கள்!

அதே 2014-ல் நம் மத்திய அரசு மொத்தமாக வாங்கிய எல்.இ.டி. பல்பின் விலை 310 ரூபாய். இரண்டே வருடம். 2016-ல் 38 ரூபாய்! நோபல் பரிசு வாங்கிய வேறு எந்தச் சாமான் இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது, சொல்லுங்கள்!

செடிக்குப் பிடித்த நிறம் எது? கண்டுபிடித்துச் சொன்னது பாக்டீரியா! 1882-ல் எங்கெல்மன் என்ற ஜெர்மானியர் பாசி இழை ஒன்றின் மேல் வானவில் நிறங்களை விழச் செய்தார். ஆக்சிஜனைத் தேடி ஓடும் பாக்டீரியாக்களைப் பக்கத்தில் விட்டார். அவை நேராகப் போய் மொய்த்த இடங்கள் இரண்டு. சிவப்பும் நீலமும்!

அப்படியானால் பச்சை ஒளி வீணா? அதுதான் இல்லை! சிவப்பும் நீலமும் இலையின் மேல்தோலை ஒட்டியே தீர்ந்துபோகின்றன. இலையின் ஆழத்துக்கு இறங்கி வேலை பார்ப்பது பச்சை. வெள்ளை பல்பில் மூன்றும் இருக்கிறது!

ஊதா விளக்கின் கீழ் பச்சை இலை எப்படித் தெரியும் தெரியுமா? கறுப்பாக! மாவுப்பூச்சி வந்தாலும் தெரியாது, இலை மஞ்சளித்தாலும் தெரியாது. விண்வெளி நிலையத்தில் நாசா வைத்த செடிப் பெட்டியில் சிவப்பு, நீலத்தோடு பச்சை எல்.இ.டி.யையும் சேர்த்துவிட்டார்கள். செடி செடியாகத் தெரிய வேண்டும் அல்லவா!

அந்தப் பெட்டியில் விளைந்த லெட்யூஸ் கீரையை விண்வெளி வீரர்கள் பறித்துத் தின்ற நாள் 2015 ஆகஸ்ட் 10. அடுத்த ஜனவரியில் ஜின்னியா பூவே பூத்தது! எல்லாம் பல்பு வெளிச்சத்தில்!

பல்புப் பெட்டியில் 'லூமன்' என்று ஒரு எண் போட்டிருக்கும். அது செடிக்கான கணக்கே இல்லை, மனிதக் கண்ணுக்கான கணக்கு! லூமனில் அதிக மதிப்பெண் வாங்குவது 555 நானோமீட்டர் ஒளி. அது என்ன நிறம்? பச்சை!

'100 வாட்டுக்குச் சமம்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். ஏமாந்துவிடாதீர்கள். பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் உண்மையான வாட் இருக்கும். அதைத்தான் பார்க்க வேண்டும்! பெயரை நம்புவது நமக்குப் புதிதா என்ன? அந்தக் காலத்து 'ஜீரோ வாட்' குண்டு பல்பு குடித்த மின்சாரம் சுமார் 15 வாட்!

ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு 'லக்ஸ்'. உச்சி வெயிலில் மொட்டை மாடியில் வெளிச்சம் ஒரு லட்சம் லக்ஸ். இரவில் பல்பு போட்ட உங்கள் ஹாலில்? இருநூறு, முந்நூறு இருந்தால் அதிகம்! 'எங்க வீட்டுல நல்ல வெளிச்சம்தானே' என்று சொல்வது உங்கள் கண். செடி அப்படிச் சொல்லாது!

இதோ, காசு செலவில்லாத வித்தை. 9 வாட் பல்பை இலைக்கு ஓரடி மேலே மாட்டினால் சுமாராக 1,500 லக்ஸ். அதையே அரையடிக்கு இறக்குங்கள். 6,000 லக்ஸ்! பல்பு அதே பல்பு, பில் அதே பில், வெளிச்சம் மட்டும் நாலு மடங்கு. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய விளக்கானாலும் கூரையில் மாட்டினால் செடிக்கு அலங்கார விளக்குதான்!

பழைய குண்டு பல்பை இப்படி அரையடியில் மாட்டியிருந்தால் இலை வதங்கியிருக்கும். அது இழுக்கும் மின்சாரத்தில் ஒளியாக மாறுவது நூற்றுக்குப் பத்துகூட இல்லை. மிச்சமெல்லாம் சூடு!

மணி பிளான்ட்டுக்கு ஒரு பல்பு தாராளம். லெட்யூஸ் மாதிரிக் கீரை வேண்டுமா? அதற்கு 14,000 லக்ஸ் கேட்கும். மூன்று நான்கு பல்புகளை நெருக்கமாக, தாழ்வாக மாட்டுங்கள். தொட்டியைச் சுற்றி வெள்ளை அட்டை வைத்தால் சிதறிப்போகும் ஒளியும் இலைக்கே திரும்பும். அட்டைப்பெட்டியின் உள்பக்கம் வெள்ளைத் தாள் ஒட்டினாலும் சரி. செலவு பத்து ரூபாய்!

கடையில் என்ன கேட்க வேண்டும்? 'கூல் டே லைட், 6500 கெல்வின்'. அவ்வளவுதான்! இதில் நீலம் அதிகம், நாற்று குட்டையாக, கெட்டியாக வளரும். மஞ்சளடிக்கும் 'வார்ம் ஒயிட்' கெடுதல் இல்லை, அதில் சிவப்பு அதிகம். இரண்டையும் கலந்து மாட்டினால் யாரும் அடிக்க வரமாட்டார்கள்!

ஆன்லைனில் வாங்குகிறீர்களா? ஹோல்டரைப் பாருங்கள்! நம் வீட்டில் இருப்பது பெரும்பாலும் பின் வகை, 22 மில்லிமீட்டர். அங்கே விற்கிற க்ரோ பல்புகள் பெரும்பாலும் திருகு வகை, 27 மில்லிமீட்டர். ஐந்தே மில்லிமீட்டரில் பல்பு கையிலேயே நிற்கும்! கையோடு ஒரு கன்வெர்ட்டரும் வாங்கிவிடுங்கள்.

கரன்ட் பில்? 9 வாட் பல்பு தினம் 12 மணி நேரம், இரண்டு மாதம் முழுக்க எரிந்தால் ஆறரை யூனிட்! தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் அல்லவா, அதில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. 100 வாட் குண்டு பல்பாக இருந்தால் அதே கணக்கு 72 யூனிட்!

'அப்போ 24 மணி நேரமும் எரியவிடலாமே?' கூடவே கூடாது! இடைவிடாமல் வெளிச்சம் பட்டால் தக்காளிச் செடியின் இலை வெளிறி நோய் கண்டுவிடும். 12 முதல் 14 மணி நேரம் போதும். பிளக்கில் செருகும் டைமர் ஒன்று வைத்தால் நீங்கள் ஊருக்குப் போனாலும் செடிக்கு விடியும்!

இருட்டைக்கூடச் செடி கணக்குப் பார்க்கிறது என்றால் நம்புவீர்களா? சாமந்திக்கு நீண்ட இரவு வேண்டும். பசுமைக் குடிலில் நடு இரவில் கொஞ்ச நேரம் பல்பு போட்டால் போதும், பூப்பது தள்ளிப்போகும்! வியட்நாமின் பின் துவான் பகுதியில் இதே வித்தை தலைகீழ். டிராகன் பழத் தோட்டங்களில் இரவில் பல்பு எரித்து, பருவம் இல்லாத காலத்திலும் பூக்க வைக்கிறார்கள்!

இதைவிட விசித்திரம் 1952-ல் அமெரிக்காவில் நடந்தது. லெட்யூஸ் விதைக்குச் சிவப்பு ஒளி காட்டினார்கள், முளைத்தது. தூரச் சிவப்பு என்ற இன்னொரு ஒளி காட்டினார்கள், முளைக்க மறுத்தது. மாற்றி மாற்றிக் காட்டினார்கள். கடைசியில் காட்டியது எதுவோ அதற்குத்தான் விதை கட்டுப்பட்டது! ஒற்றை விதைக்குள் ஒரு ஸ்விட்ச்!

மின்விளக்கில் செடி வளர்ப்பது நேற்று வந்த மோகம் என்று நினைத்தீர்களா? பிரான்சில் மாங்கோன் என்பவர் 1861-லேயே மின்னொளியில் இலையைப் பச்சையாக்கிக் காட்டிவிட்டார். எடிசன் பல்பு வருவதற்கு 18 வருடம் முன்பே!

1880-ல் லண்டன் ராயல் சொசைட்டி கூட்டத்துக்கு வில்லியம் சீமென்ஸ் என்பவர் மொட்டாக இருந்த துலிப் தொட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். 'ஆர்க்' என்ற மின்விளக்கின் எதிரே வைத்தார். அவர் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே மொட்டு விரிந்தது. நாற்பதே நிமிடம்!

மணி பிளான்ட்டுக்கு எத்தனை பல்பு போட்டாலும் பூக்காது. பூக்கத் தேவையான ஜிப்ரலின் என்ற ஹார்மோனை அதனால் தயாரிக்கவே முடியவில்லை! 'பூக்க வைக்கும் விளக்கு' என்று யாராவது விற்க வந்தால் கதவைச் சாத்துங்கள்.

ஊதா விளக்கை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? தூக்கிப் போடாதீர்கள், அதிலும் செடி வளரும். வாரம் ஒருமுறை அதை அணைத்துவிட்டு, டார்ச் அடித்து இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பூச்சி அங்கேதான் குடியிருக்கும்!