ஒரு சொற்பொழிவும் பத்தொன்பது வருடங்களின் பின் வந்த மறுமொழியும்

எமது ஊர்களில் வரலாற்றுச் சொற்பொழிவுகளுக்குக் குறைவில்லை. மீலாத் மாதம், வாலிபர் சங்கத்தின் ஆண்டு விழா, பள்ளிவாசல் மண்டபத்தில் மஃரிபுக்குப் பின் ஒரு மணி நேரம் என்று ஏதாவது ஒரு சந்தர்ப்பத்தில் வெளியூரிலிருந்து பேச்சாளர் ஒருவர் அழைக்கப்படுவார். கிராஅத், வரவேற்புரை, அறிமுகம், சிறப்புரை, நன்றியுரை, சிற்றுண்டி. கேள்வி நேரம் என்றும் நிகழ்ச்சி நிரலில் அச்சிட்டிருப்பார்கள். ஆனால் முன்னைய உரைகள் நீண்டுவிடுவதால் பெரும்பாலும் அதுதான் கைவிடப்படும். உண்மையில் அதுவே முக்கியமான பகுதி என்பதற்கு எமது சமூகத்தோடு தொடர்புடைய ஒரு சொற்பொழிவே சான்றாக இருக்கிறது.

1888ஆம் ஆண்டு, ரோயல் ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளையில் பொன்னம்பலம் இராமநாதன் ஓர் ஆய்வுரையை வாசித்தார். இலங்கைச் சோனகரின் இன வரலாறுதான் அதன் பொருள். சோனகர் பேசும் மொழி, அவர்களின் வழக்கங்கள், உடலமைப்பு, வரலாறு ஆகியவற்றை எடுத்துக்கூறி, அவர்கள் இனத்தால் தமிழரே, இஸ்லாத்தைத் தழுவியவர்கள் என்ற முடிவுக்கு அவர் வந்தார். இங்குள்ள சோனகரின் மூலத்தைக் காயல்பட்டினத்தோடு தொடர்புபடுத்தினார். உரை சங்கத்தின் சஞ்சிகையிலும் அச்சாகியது.

கேட்பதற்கு இது வெறும் ஆராய்ச்சி போலத் தோன்றும். ஆனால் அன்று அவர் சட்ட நிரூபண சபையில் தமிழ்ப் பிரதிநிதியாக இருந்தார். முஸ்லிம்களுக்கென்று அச்சபையில் தனியான உறுப்பினர் எவரும் இருக்கவில்லை. அப்படி ஒருவரை நியமிப்பதா என்ற விடயம் பேசப்பட்ட காலம் அது. இரு சமூகமும் ஓரினமே என்றால் தனிப் பிரதிநிதி எதற்கு என்ற கேள்வி தானாகவே எழும். எனினும் அடுத்த வருடமே, 1889இல், எம்.சி. அப்துல் ரஹ்மான் முதலாவது முஸ்லிம் உறுப்பினராக நியமிக்கப்பட்டார்.

இராமநாதனின் உரைக்கு ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் விரிவான மறுப்பொன்றை எழுதினார். அது ஆங்கில நூலாக வெளிவந்தது 1907இல். இடையில் பத்தொன்பது வருடங்கள் போய்விட்டன! சோனகர் சங்கம் வெளியிட்ட அந்நூலில் அவர் கோபத்தை மட்டும் கொட்டிவிட்டுப் போகவில்லை. இராமநாதன் முன்வைத்த வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து அவற்றுக்கான ஆதாரம் போதுமா என்று கேட்டார். ஒரு கூட்டத்தார் பேசும் மொழியை வைத்து மட்டும் அவர்களது இனத்தைத் தீர்மானிக்க முடியாது என்றார். அறபு வணிகர்கள் மனைவியரை அழைத்து வராமல் வந்து இங்குள்ள பெண்களை மணந்தார்கள், அதனால் தமிழ் வீட்டு மொழியாயிற்று என்று விளக்கினார். உரை நிகழ்த்தப்பட்ட வேளையையும் அதன் அரசியல் பயனையும் சுட்டிக்காட்டவும் அவர் தவறவில்லை.

இருவரில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல இக்கட்டுரை எழுதப்படவில்லை. அஸீஸ் பிடித்துக்கொண்ட கேள்விகளே எனக்கு முக்கியமாகத் தெரிகின்றன. இதை எங்கிருந்து எடுத்தீர்கள்? அந்த ஆதாரம் இவ்வளவு பெரிய முடிவைத் தாங்குமா? இதை ஏன் இப்போது சொல்கிறீர்கள்? எமக்குப் பிடிக்காத பேச்சாளரிடம் இவற்றைக் கேட்பது சுலபம். எமது பெருமையைப் பேசுபவரிடமும் கேட்க வேண்டும். அங்கேதான் நாம் வழுக்கி விழுகிறோம் என்பது என் அபிப்பிராயம்.

உதாரணமாக, எட்டாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் ஹாஷிம் குலத்தார் அறபு நாட்டிலிருந்து வெளியேறி இலங்கைக் கரைகளில் குடியேறினர் என்ற செய்தி பல மேடைகளில் கேட்கும். இது அழகான செய்தி. பிரதம நீதியரசராக இருந்த சேர் அலெக்ஸாண்டர் ஜோன்ஸ்டன் 1827இல் வெளியான தமது குறிப்பில் இதைப் பதிந்துள்ளார். அவர் எழுதியது இங்கு வாழ்ந்த முஸ்லிம்களிடையே வழங்கிவந்த மரபை. அதாவது, சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கும் எழுத்துக்கும் இடையே ஆயிரத்து நூறு வருட இடைவெளி. அதற்காக அது பொய் என்று ஆகிவிடாது. மரபு என்று சொல்லி அதை எடுத்துரைப்பதுதான் நேர்மை.

கல்வெட்டு வேறு வகையான சாட்சி. 1911இல் காலியில் ஒரு மதகை மூடியிருந்த பலகைக்கல்லைப் பொறியியலாளர் ஒருவர் கண்டெடுத்தார். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோவின் பயணத்தோடு தொடர்புடைய, 1409ஆம் ஆண்டு திகதியிட்ட மும்மொழிக் கல்வெட்டு அது. சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தெனவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் இஸ்லாத்தின் பெயராலும் காணிக்கைகள் பதியப்பட்டுள்ளன. இன்று அது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. முஸ்லிம்கள் அக்காலத்திலேயே தென்கரை வணிகத்தில் கவனிக்கத்தக்க இடத்தில் இருந்தார்கள் என்று இதைக் கொண்டு சொல்லலாம். அவர்களின் பாட்டனார் எந்தக் குலம் என்பதைக் கல் சொல்லாது. ஒரு பேச்சாளர் கல்லையும் மரபையும் ஒரே மூச்சில் சொல்லும்போது, எது எது என்று பிரித்துக் கேட்பது சபையோரின் வேலை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் அல்-பலாதுரி தமது நூலில் ஒரு சம்பவத்தை எழுதியிருக்கிறார். மாணிக்கத் தீவின் அரசர், தமது நாட்டில் பிறந்த முஸ்லிம் பெண்கள் சிலரை ஈராக்கின் ஆளுநர் ஹஜ்ஜாஜிடம் கப்பலில் அனுப்பினார். அவர்களின் தந்தையர் வணிகர்கள். அவர்கள் இறந்துவிட்டார்கள். தைபல் துறைமுகத்தின் அருகே கடற்கொள்ளையர் கப்பலைப் பிடித்துக்கொண்டனர். பெண்ணொருத்தி ஹஜ்ஜாஜின் பெயரைச் சொல்லி அலறினாள். அந்தத் தீவு இலங்கையே என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது.

சொற்பொழிவுகளில் இந்தச் சம்பவம் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடும். பிறகு பேச்சு முஹம்மத் பின் காஸிமின் சிந்துப் படையெடுப்புக்குத் தாவிவிடும். நான் அந்தக் கப்பலிலேயே நின்றுவிடுகிறேன். இலங்கை முஸ்லிம்கள் பற்றிய மிகப் பழைய எழுத்துக் குறிப்புகளில் ஒன்று, தந்தையை இழந்த பெண்பிள்ளைகளைப் பற்றியது. அவர்கள் இந்த மண்ணில் பிறந்தவர்கள். பெயர்கள் இல்லை. தந்தையரின் தொழில் இருக்கிறது. தாய்மாரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

இராமநாதனும் அஸீஸும் மோதிக்கொண்டதும் பெரும்பாலும் தந்தைவழியைப் பற்றித்தான். அறபு நாட்டிலிருந்து வந்தவரா, காயல்பட்டினத்திலிருந்து வந்தவரா என்று கேட்ட அளவுக்கு, இங்கே வீட்டிலிருந்து பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் யார் என்று எவரும் விசாரிக்கவில்லை. உம்மா, வாப்பா, மூத்தம்மா என்று நாம் பேசும் தமிழில் ஒரு வரலாறு இருக்கிறது. அதை அறிந்தவர்கள் பலர் கூட்டங்களுக்கு வருவதேயில்லை. வந்தாலும் திரைக்குப் பின்னால் அமர்ந்து, கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

ஆகவே சங்கங்களுக்கு எனது யோசனை இது. சிறப்புரையைப் பதினைந்து நிமிடம் குறைத்துக் கேள்விக்குக் கொடுங்கள். பெண்கள் பகுதிக்கு ஒலிவாங்கி போகாவிட்டால் சீட்டுகளாவது போகட்டும். உரையையும் கேள்விகளையும் ஒருவர் எழுதி, பேச்சாளரிடம் காட்டித் திருத்தி, சங்கக் கோவையில் வைக்கட்டும். இராமநாதனின் உரை அச்சில் இருந்தபடியால்தான் அஸீஸால் அதற்கு வரிக்கு வரி பதில் எழுத முடிந்தது. ஒலிபெருக்கியோடு கரைந்துபோன பேச்சுக்கு எவராலும் மறுமொழி எழுத முடியாது.

ஊரின் மூத்த பெண்மணி ஒருவரையும் வருடத்துக்கு ஒரு தடவையேனும் பேச்சாளராக அழைக்கலாம். மேடையும் பொன்னாடையும் வேண்டாம். பாயில் உட்கார்ந்து அவர் பேசட்டும், பிள்ளைகள் கேள்வி கேட்டு எழுதிக்கொள்ளட்டும். அவருடைய உம்மாவின் உம்மா எந்த ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தார் என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம்.