கையில் தூக்கிப் பார், வெட்டிப் பார்

விக்ரோலி ஸ்டேஷன் பக்கம் ஓர் அக்கா ஆரஞ்சுப் பழம் விற்கிறார். நமது மாலை வகுப்பில் படிப்பவர். ஒரு ஜனவரி மாதம் வாஷி சந்தையில் ஒரு பேட்டி கின்னு ஆரஞ்சு வாங்கினார். பழம் பளபளவென்று இருந்தது. மறுநாளே ஒருவர் திரும்பி வந்தார்.

"என்னம்மா, சாறே இல்லை. வெறும் சக்கை!" என்றார்.

தோல் நன்றாக இருக்கிறது. உள்ளே மட்டும் எப்படி உலர்ந்தது?

பனி செய்த வேலை

கின்னு வடக்கே விளைகிறது. பஞ்சாபில் அபோகர், ராஜஸ்தானில் ஸ்ரீகங்காநகர் பக்கம் தோட்டங்கள் உண்டு. குளிர்காலத்தில்தான் பறிப்பார்கள். நமது மும்பையில் உறைபனி இல்லை. அங்கே சில இரவுகளில் உண்டு.

பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 2 டிகிரி குளிர் சில மணி நேரம் நீடித்தால் பழத்தின் சாறு உறையத் தொடங்கும். தண்ணீர் நிறைந்த பாட்டிலை ஐஸ் பெட்டியில் வைத்தால் வெடிக்கும் அல்லவா? உறையும் தண்ணீர் பெருக்கும். அதுபோலச் சுளைக்குள் இருக்கும் சின்னச் சின்னச் சாற்றுப் பைகள் கிழியும். பிறகு சாறு மெல்ல மெல்ல வற்றும். இதற்குச் சில வாரம் ஆகும். தோலில் ஒன்றும் தெரியாது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

1. பேட்டியின் மேலே, நடுவே, அடியே இருந்து 5 பழம் எடுங்கள்.

2. ஒரே அளவுள்ள பழங்களைக் கையில் தூக்கிப் பாருங்கள். சாறு வற்றிய பழம் லேசாக இருக்கும்.

3. குறுக்கே வெட்டுங்கள். முதலில் காம்புப் பக்கம், பிறகு நடுவில். பெரும்பாலும் காம்புப் பக்கம்தான் முதலில் உலரும்.

4. சுளைத் தோலில் வெள்ளைப் புள்ளிகள் உண்டா? அது உறைபனியின் அடையாளம். அது மருந்து அல்ல, பழத்தில் இருக்கும் பொருள்தான்.

பனி இல்லாமலும் பழம் உலரலாம். பறிக்கத் தாமதமானாலும் சாறு குறையும். எப்படி உலர்ந்தாலும் நட்டம் வாங்கியவருக்குத்தான்.

உலர்ந்த பழம் விஷம் அல்ல. சாறு மிச்சம் இருந்தால் உடனே பிழிந்து குடிக்கலாம். பூஞ்சை பிடித்ததையும் கெட்ட வாடை அடிப்பதையும் எறிந்துவிடுங்கள்.

கணக்குப் போடுவோம்

10 கிலோ பேட்டி 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கிலோ 75 ரூபாய்க்கு விற்றால் 750 ரூபாய் வரும். லாபம் 150 ரூபாய். இதில் 2 கிலோ உலர்ந்துவிட்டால்? 8 கிலோவுக்கு 600 ரூபாய்தான் வரும். நாள் முழுவதும் வெயிலில் நின்றதற்குக் கூலி இல்லை.

அதனால் பணம் கொடுக்கும் முன்பே வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். கூச்சம் வேண்டாம்.

அந்த அக்கா இப்போது சின்ன நோட்டும் கத்தியும் கொண்டு போகிறார். நோட்டில் அவரே எழுதியது இது:

"5 பழம் வெட்டினேன். 2 உலர்ந்தது. வாங்கவில்லை."