வீடு விற்கும் கலை – 7
பனிக்காலத்தில் டொராண்டோ வீடு

டொராண்டோவில் வீடு விற்பனை களைகட்டுவது வசந்தத்தில்தான். டிசம்பர், ஜனவரியில் விற்பனைக்கு வரும் வீடுகளும் குறைவு, பார்க்க வருபவர்களும் குறைவு. ஆனால் கொட்டும் பனியில் பூட்ஸ் மாட்டிக்கொண்டு வருபவர் சும்மா பார்த்துவிட்டுப் போக வருவதில்லை. வேலை மாற்றமோ, முடியப்போகும் வாடகை ஒப்பந்தமோ அவரை அவசரப்படுத்தியிருக்கும். அவருக்குத் தோட்டத்தையும் கூரையையும் காட்ட முடியாது. வீடு குளிரை எப்படித் தாங்குகிறது என்பதைக் காட்டலாம். தயாரிப்பும் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

இங்குள்ள பெரும்பாலான வீடுகளைச் சூடாக்குவது இயற்கை எரிவாயு ஃபர்னஸ். விற்பனைக்கு முன் அதைச் சர்வீஸ் செய்து, ஃபில்டரை மாற்றி, ரசீதை ஃபர்னஸ் அருகிலேயே வைத்துவிடலாம். பார்வையாளர் வரும் நேரத்தில் வீடு 20, 21 டிகிரியில் இருந்தால் போதும். ஒரே ஓர் அறை மட்டும் சில்லென்று இருப்பதுதான் பெரிய சந்தேகத்தைக் கிளப்பும். கராஜுக்கு மேலுள்ள படுக்கையறைகளில் இது வழக்கம். சில சமயம் சூடான காற்று வரும் துவாரத்தைக் கட்டிலோ சோபாவோ அடைத்திருக்கும். அதை நகர்த்தினாலே அறை மாறிவிடும்.

ஜன்னல் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியது. வீட்டுக்குள் இருக்கும் ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியில் பட்டு நீர்த்துளிகளாகப் படியும். வழிந்து கீழ்ச்சட்டத்தில் தேங்கும். நாளடைவில் மூலையில் கரும்பூஞ்சை பிடிக்கும். வாங்க வருபவர் இதைக் கண்டதும் எல்லா ஜன்னல்களையும் மாற்றும் செலவைக் கணக்குப் போடத் தொடங்கிவிடுவார். பல வீடுகளில் பழுது ஜன்னலில் இருப்பதில்லை, ஈரப்பதத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் வீட்டின் ஈரப்பதம் 30 சதவீத அளவில் இருக்கட்டும் என்பது கனடா சுகாதாரத் துறையின் பரிந்துரை. துணிகளை உள்ளே உலர்த்துவதைத் தவிர்ப்பது, குளிக்கும்போதும் சமைக்கும்போதும் காற்றை வெளியேற்றும் மின்விசிறியைப் போடுவது, திரைச்சீலையை விலக்கிச் சூடான காற்று கண்ணாடியில் படவிடுவது ஆகிய மூன்றும் சில நாட்களில் பலன் தரும். இரட்டைக் கண்ணாடிகளுக்கு நடுவே மூட்டம் தெரிந்தால் விஷயம் வேறு. அங்கே காற்றடைப்பு போய்விட்டது. அந்தக் கண்ணாடித் தொகுதியை மாற்றுவதுதான் வழி.

கூரை விளிம்பில் வரிசையாகத் தொங்கும் பனிக்கூர்கள் படத்துக்கு அழகு. விவரம் தெரிந்தவருக்கோ அவை பரணின் நிலையைச் சொல்லிவிடும். வீட்டுச் சூடு பரணுக்குள் கசிந்தால் கூரைமேல் உள்ள பனி அடியிலிருந்து உருகும். உருகிய நீர் குளிர்ந்த விளிம்புக்கு வந்ததும் மீண்டும் உறைந்து கரைகட்டும். பின்னால் தேங்கும் நீர் ஓடுகளுக்கு அடியில் புகுந்து கூரைத்தட்டில் கறையாக இறங்கும். அந்தக் கறைமேல் வெள்ளையடிப்பது வாங்குபவரை ஏமாற்றும் வேலை. கசிவுகளை அடைத்து, பரணில் வெப்பக்காப்பைக் கூட்டி, காற்றோட்டத்தைச் சரிசெய்வதே தீர்வு.

பனி மூடியதைக் காகிதம்தான் காட்ட வேண்டும். கூரை எந்த ஆண்டு போடப்பட்டது என்பதற்கான ரசீது, பூத்திருக்கும் தோட்டத்தின் கோடைக்காலப் படங்கள் ஆகியவற்றை மேசைமேல் வைக்கலாம். ஏசியைக் கடுங்குளிரில் ஓட்டினால் கம்ப்ரஸர் பழுதாகும் என்பதால், வாங்குபவருக்காக வீட்டைச் சோதிக்க வரும் ஆய்வாளர் அதை ஓட்டிப் பார்க்க மாட்டார். கடைசி சர்வீஸ் ரசீதுதான் சாட்சி. விற்பனை விளம்பரப் படங்களில் கிறிஸ்துமஸ் மரம் வேண்டாம். பிப்ரவரியில் அதைப் பார்ப்பவர், வீடு இத்தனை நாள் விலைபோகவில்லை என்று புரிந்துகொள்வார்.

டிசம்பர் கடைசியில் பகல் ஒன்பது மணி நேரம்கூட முழுதாக இருக்காது. மாலை ஐந்துக்கு முன்பே இருட்டிவிடும். வேலை முடிந்து வருபவர் விளக்கொளியில்தான் வீட்டைப் பார்ப்பார். எல்லா அறைகளிலும் ஒரே நிறப் பல்புகள், வாசலில் கதவு எண் தெரியும்படி ஒரு விளக்கு. இது சின்னச் செலவு, கைமேல் பலன்.

டிரைவ்வேயும் வாசற்படியும் ஐஸ் இல்லாமல் இருப்பது சட்டப்படியும் முக்கியம். ஒன்டாரியோவில் தனியார் இடத்தில் பனியில் வழுக்கி விழுந்து காயப்பட்டவர் 60 நாட்களுக்குள் எழுத்தில் அறிவித்துவிட்டு இழப்பீடு கோரலாம் என்பது 2021 முதல் உள்ள விதி. சாதாரண உப்பு மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே சரியாக வேலை செய்யாது. அப்போது கால்சியம் குளோரைடு, அல்லது பிடிமானத்துக்கு மணல். கதவருகே பூட்ஸ் வைக்க ஒரு தட்டு இருந்தால் மரத்தரை உப்புக் கறையிலிருந்து தப்பும்.

ஸ்கார்பரோ, மார்க்கம் பகுதித் தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னொன்று: ஜன்னல் திறக்காத மாதங்களில் கருவாட்டு வாசமும் தாளிப்பு வாசமும் கம்பளத்திலும் திரையிலும் தங்கிவிடும். எண்ணெய்ச் சமையலைப் பார்வை நாட்களுக்கு முன்பே நிறுத்தி, துணிகளைத் துவைத்துவிட வேண்டும். நறுமணத் தெளிப்பான் உதவாது. எதையோ மறைப்பதாகவே தோன்றும்.

வீட்டைக் காலி செய்துவிட்டு விற்பவர் காப்பீட்டு நிறுவனத்திடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஆளில்லாத வீட்டில் குழாய் உறைந்து வெடித்தால் பல பாலிசிகள் பணம் தராது. ஃபர்னஸ் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். யாராவது அடிக்கடி வந்து பார்க்க வேண்டும். இல்லையென்றால் மெயின் வால்வை அடைத்துக் குழாய்களை வடித்துவிட வேண்டும். அப்படி வடித்திருந்தால், ஆய்வாளர் வரும் நாளில் வீட்டைச் சூடாக்கித் தண்ணீரைத் திறந்து வைப்பது அவசியம். நீர் இல்லாத குழாயில் அழுத்தத்தையும் கசிவையும் அவரால் சோதிக்க முடியாது.