தும்பிக் கண் மணிகள்

சீனாவின் ஹூபெய் மாகாணத்தில், சுய்ஜோ நகருக்கு அருகே, கி.மு. 433-ஐ ஒட்டிய ஒரு கல்லறை 1978-இல் அகழப்பட்டது. செங் என்னும் சிறு நாட்டை ஆண்ட யீயின் கல்லறை அது. அங்கே 170-க்கும் மேற்பட்ட கண்ணாடிப் பாசிமணிகள் கிடைத்தன. நீல உருண்டையின் மேல் வெள்ளையும் நீலமுமாக வட்டத்துக்குள் வட்டம். எந்தப் பக்கம் திருப்பினாலும் கண்கள். சீனர்கள் இவற்றைத் தும்பிக் கண் மணிகள் என்கிறார்கள்.

இளகிய கண்ணாடியைக் கம்பியில் சுற்றி உருட்டி, சூடு ஆறுமுன் வேறு நிறக் கண்ணாடிப் பொட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்தால் இந்தக் கண் உருவாகும். எகிப்திலும் மத்தியதரைக் கடல் நாடுகளிலும் கண்ணேறு படாமலிருக்க அணிந்த வடிவம் இது. யீயின் மணிகளில் சோடாவும் சுண்ணாம்பும் உள்ளன. மேற்கத்தியக் கண்ணாடியின் சேர்மானம் அது என்பதால், அவை வணிகர் கைமாறி வந்தவை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

அடுத்த சில தலைமுறைகளில் சீனக் கைவினைஞர்களே இம்மணிகளைச் செய்தார்கள். மணலை உருக்க அவர்கள் சேர்த்தது காரீயமும் பேரியமும். 1930-களில் ஆய்வாளர்களான ஹோரஸ் பெக்கும் செலிக்மனும் பழைய சீனக் கண்ணாடியில் பேரியம் இருப்பதைக் கண்டறிந்தார்கள். பண்டைய உலகின் மற்றக் கண்ணாடி மரபுகளில் இந்தச் சேர்மானம் இல்லை. எனவே, ஒரு மணி சீனாவில் பிறந்ததா என்பதை அதன் வேதியியலே சொல்லிவிடுகிறது.

பேரியம் கண்ணாடியைச் சற்றே கலங்கவைத்து, ஜேட் கல்லின் மென்மையான பளபளப்பைத் தரும். சீனர்களுக்கு ஜேட் பொன்னினும் உயர்ந்தது, நற்குணத்தின் அடையாளம், இறந்தவரின் உடலைக் காப்பது. அதனால்தான் சாங்ஷா வட்டாரத்துச் சூ நாட்டுக் கல்லறைகளில் ஜேட் வட்டுகளின் இடத்தில் கண்ணாடி வட்டுகள் உள்ளன. பின்னர் வந்த ஹான் அரசமரபின் காலத்தில் இறந்தவர் வாயில் வைக்கும் சில்வண்டு உருவைக் கண்ணாடியிலும் செய்தார்கள்.

தாமே செய்யக் கற்றபின்னும் அயல்நாட்டுக் கண்ணாடி மீதான விருப்பம் குறையவில்லை. ஹான் பேரரசர் வூவின் காலம் முதல் அரசத் தூதர்கள் பொன்னும் பட்டும் கொண்டு கடல் கடந்து, முத்தும் கண்ணாடியும் வாங்கி வந்ததை 'ஹான் வரலாறு' கூறுகிறது. அவர்கள் சென்ற ஹுவாங்ஜி நம் காஞ்சிபுரமே என்பது அறிஞர் பலரின் கருத்து.

வடிவத்தைப் பிறரிடம் பெற்று, பொருளைத் தம் மண்ணில் எடுத்து, பயனைத் தம் நம்பிக்கையிலிருந்து கொடுத்தார்கள் அந்தக் கைவினைஞர்கள். கடன் பெற்ற கலை சொந்தக் கலையாவது இப்படித்தான்.