மீட்ட மாட்டுக்கு வைக்கோல் எங்கே?

அடிமாடாகப் போகவிருந்த பசுக்களை வழிமறித்து மீட்டார்கள் என்று பத்திரிகையில் படித்தால் நமக்கு மனம் குளிர்கிறது. அந்தப் பசுக்கள் அடுத்த கோடையில் எதைத் தின்றன என்று எவரும் எழுதுவதில்லை. மீட்பதற்கு ஒரு நாள் வீரம் போதும். காப்பதற்கு 365 நாளும் தீனி வேண்டும்.

மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-ல் பிறந்தது. அதற்கு வித்திட்டவர், அந்நாளில் மாநிலங்களவை நியமன உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல், கலாக்ஷேத்திரத்து அம்மையார்தாம். தம் பொறுப்பிலுள்ள பிராணிக்குப் போதிய உணவும் நீரும் இருப்பிடமும் கொடாமையும் வதையே என்கிறது அச்சட்டம். ஆகவே, மாட்டை மீட்டுவந்து வறட்சியில் பட்டினி போடுபவரும் அந்தச் சட்டத்தின் முன் நிற்க வேண்டியவரே. 'பாஞ்சராப்போல்' என்னும் பிராணிக் காப்பகங்களுக்குப் பேர்போன நாடு குஜராத். ஆயினும் 1899-1900 பஞ்சத்தில் (விக்கிரம ஆண்டு 1956 ஆனதால் 'சப்பனியா' என்பர்) அங்கே லட்சக்கணக்கான மாடுகள் மடிந்தன. தருமம் இருந்தது; புல் இல்லை.

முதலில் தண்ணீர். ஒரு பிராணி தன் கொழுப்பு முழுவதையும், புரதத்தில் ஏறக்குறையப் பாதியையும் இழந்தும் உயிர் தரிக்கும். உடல் நீரில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் போனாலோ உயிருக்கே மோசம். காய்ந்த தீவனம் ஒரு கிலோவுக்கு மாடு 3 முதல் 5 லிட்டர் வரை குடிக்கிறது. தண்ணீர் குறைந்தால் தீனியையும் தானே குறைத்துக்கொள்கிறது. 'முன்னால் வைக்கோல் கிடக்கிறது, தின்ன மாட்டேன் என்கிறது' என்று சொல்வோர் தொட்டியைப் பார்ப்பது நலம்.

தில்லியில் மழை பெரும்பாலும் ஜூலை முதல் செப்டம்பர் வரைதான். ஆண்டுக்கு 700 மில்லிமீட்டர் என்று குறைத்தே கணக்கிடுவோம். 100 சதுர மீட்டர் கொட்டகைக் கூரையில் 70,000 லிட்டர் விழும். வழியில் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 56,000 லிட்டர் தேறும். மாட்டுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்றால், பத்து மாடுகளுக்கு 112 நாள் தண்ணீர்! லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் கொட்டகைகளின் கூரைநீர் சாக்கடைக்குப் போவது என்ன நியாயமோ, எனக்கு விளங்கவில்லை.

அடுத்தது தீனி. மாட்டின் முதல் இரைப்பை 100 லிட்டருக்கும் மேல் கொள்ளும் ஒரு புளிப்புத் தொட்டி. வைக்கோலைச் செரிப்பது மாடன்று. அத்தொட்டியில் வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்களே. அவற்றுக்குத் தீவனத்தில் சுமார் 7 சதவீதமாவது புரதம் வேண்டும். நெல் வைக்கோலில் இருப்பதோ 3, 4 சதவீதமே. ஆகவே வயிறு நிறைந்தும் மாடு மெலிகிறது.

இதற்கு ரசாயனம் ஒரு வழி காட்டுகிறது. 4 கிலோ யூரியாவை 50 லிட்டர் நீரில் கரைத்து, 100 கிலோ வைக்கோலில் பரவலாகத் தெளித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடி வைக்க வேண்டும். யூரியா சிதைந்து அம்மோனியா ஆகிறது; அது நாரின் இறுக்கத்தைத் தளர்த்துவதோடு நைட்ரஜனையும் சேர்க்கிறது. பிறகு ஆற விட்டுக் கொடுக்கலாம். யூரியாவைக் கரைத்த நீரையே மாடு குடித்துவிட்டால் மரணந்தான். இதில் அலட்சியம் ஆகாது. ஐப்பசியில் பஞ்சாபிலும் ஹரியானாவிலும் நெற்றாளைக் கொளுத்தும் புகை நம் ஆர்.கே.புரம் வரை வந்து கண்ணைக் கரிக்கிறது. வடநாட்டார் கோதுமை வைக்கோலையே பெரிதும் விரும்புவர் என்பது உண்மை. எனினும் வைக்கோற்போர் கண்டு வளர்ந்த நமக்கு அந்தப் புகை வயிற்றெரிச்சலையும் சேர்த்துத் தருகிறது.

நம் நாட்டில் இதைவிடச் சிறந்த ஏற்பாடு ஒன்று உண்டு. காங்கேயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கத்துக் 'கொறங்காடு' அது. சுற்றிலும் கிளுவை முள்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல் மரம். மழை பெய்தால் புல். புல் காய்ந்தால் அதுவே நின்ற வைக்கோல். கோடையில் வெள்வேல் நெற்று உதிர்ந்து புரதம் ஊட்டுகிறது. ஒரு காட்டில் மேய்ந்தபின் அடுத்ததற்கு மாற்றுவதால் புல் மறுபடி தழைக்கிறது. பாசனம் கிடையாது. காங்கேயம் காளையின் வலு இந்த வறண்ட நிலத்தில் விளைந்ததே. காப்பகம் கட்டுவோர் சலவைக்கல் பதிக்குமுன் நாலு காணி இப்படி வளர்க்கலாகாதா?

இரக்கத்தால் செய்யும் தீங்கும் உண்டு. பட்டினி கிடந்த மாட்டுக்கு விடுதியில் மிஞ்சிய சோற்றையும் ரொட்டியையும் கூடை கூடையாகக் கொட்டினால், முதல் இரைப்பையில் லாக்டிக் அமிலம் பெருகி மாடு இரண்டொரு நாளில் சாகலாம். மழையின்றிக் குன்றிய இளஞ்சோளப் பயிரில் ஹைட்ரோசயனிக் அமிலம் தோன்றும். பூக்குமுன் அதை அறுத்துப் போடலாகாது.

பறவைகளுக்கும் இதே கதைதான். செங்கோட்டைக்கு எதிரே, சாந்தினி சௌக்கின் சமணர் கோயிலில் நடந்துவரும் பறவை மருத்துவமனையைப் பார்த்திருப்பீர்கள். கோடையில் பருந்தும் புறாவும் நீர் வற்றி விழும். பறவைக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. வாய் திறந்து மூச்சிரைத்தே சூட்டைத் தணிக்கிறது. அதனால் நீர் விரைவில் குறைகிறது. விழுந்ததைக் கண்டால் அலகைப் பிளந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். நிழலான அட்டைப்பெட்டியில் விட்டு, அகலமான சட்டியில் நீர் வையுங்கள். தெளிந்தால் தானே குடிக்கும். தெளியாவிட்டால் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.