வெளிநாட்டுக் கார் வாங்குமுன்: அனுமதியும் சுங்கத் தீர்வையும்

நமது சங்க உறுப்பினரான மளிகை வியாபாரி ஒருவர் அண்மையில் இரண்டு சந்தேகங்களோடு அலுவலகத்துக்கு வந்தார். மலேசியாவில் ஈப்போவில் கடை நடத்திவந்த அவருடைய மைத்துனர் தொழிலை முடித்துக்கொண்டு காரைக்குடிக்கே திரும்புகிறாராம். அங்கே ஓட்டிய காரைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவரலாமா என்பது முதல் சந்தேகம். இமாச்சலப் பிரதேசப் பதிவு எண்ணுள்ள வெளிநாட்டுக் கார் ஒன்றைப் பாதி விலைக்கு முடித்துத் தருவதாக ஒரு புரோக்கர் சொல்கிறார், வாங்கலாமா என்பது இரண்டாவது. கடல் கடந்து தொழில் செய்த குடும்பங்கள் நிறைந்த இந்தப் பகுதியில் இவ்விரண்டு கேள்விகளும் பலருக்கு எழக்கூடியவை. ஆகவே விவரமாக எழுதுகிறோம்.

ஊர் திரும்புகிறவர் கார் கொண்டுவந்தால் வரி கிடையாது என்று நம்மில் பலர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இது தவறு. 1962ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தில் 'பயணிகள் சாமான்' என்பதற்குள் மோட்டார் வாகனம் அடங்காது என்று தெளிவாகவே இருக்கிறது. டி.வி., பிரிட்ஜ், கட்டில், பீரோவோடு காரைச் சேர்த்து எழுத முடியாது. நிரந்தரமாகத் திரும்புகிறவருக்குச் சலுகை உண்டுதான். தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் வெளிநாட்டில் இருந்திருக்க வேண்டும், கார் ஓராண்டாவது அவர் வசம் இருந்திருக்க வேண்டும், ஊர் வந்த ஆறு மாதத்துக்குள் காரும் வந்துசேர வேண்டும். ஆனால் அந்தச் சலுகை இறக்குமதி நிபந்தனைகளில்தான். தீர்வையில் ஒரு பைசாவும் குறையாது.

மற்றவர்களுக்கு நிபந்தனை இன்னும் கடுமை. பழைய கார் என்றால் தயாரித்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. பொது விதிப்படி மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் வர வேண்டும். ஏற்றுமதிக்கு முன் அங்கே ஒரு பரிசோதனைச் சான்று, வந்தபின் புனேயிலுள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற நிலையத்தில் மறு சோதனை. புதிய கார் சென்னை வழியாகவும் வரலாம். ஆனால் ஒரே ஒரு நாள் வெளிநாட்டில் பதிவு செய்திருந்தாலும் அது புதிய கார் ஆகாது என்பதைக் கவனிக்க வேண்டும். ஸ்டியரிங் வலப்பக்கம் இருப்பது அவசியம். மலேசியா, சிங்கப்பூர், இலங்கைக் கார்களுக்கு இதில் சிக்கல் இல்லை. துபாய், சவூதி, குவைத் கார்கள் இடப்பக்க ஸ்டியரிங் ஆனதால் வளைகுடாவிலிருந்து திரும்புகிறவர்கள் அந்த எண்ணத்தையே விட்டுவிடுவது நல்லது.

இனி கணக்குக்கு வருவோம். நாம் என்ன விலைக்கு வாங்கினோம் என்ற பில்லைச் சுங்க அதிகாரி அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. கார் புதிதாக இருந்தபோது கம்பெனி போட்ட விலையை எடுத்து, அதில் தேய்மானம் கழிப்பார்கள். முதல் ஆண்டுக்கு 16 சதவீதம், இரண்டாம் ஆண்டுக்கு 12, மூன்றாம் ஆண்டுக்கு 10, அதன் பின் ஆண்டுக்கு 8. எவ்வளவு பழைய காரானாலும் மொத்தத்தில் 70 சதவீதத்துக்கு மேல் கழிக்க மாட்டார்கள். பின்பு கப்பல் கூலியும் இன்ஷூரன்சும் சேரும். பில்லில் தொகையைக் குறைத்துப் போட்டு வாங்கினால் லாபம் என்று யோசனை சொல்கிறவர்களை நம்ப வேண்டாம்.

ஓர் உதாரணம். புதிதில் 20 லட்ச ரூபாய் விலையுள்ள கார், இரண்டு ஆண்டு பழையது. 28 சதவீதம் கழித்தால் 14 லட்சத்து 40 ஆயிரம். கூலி, இன்ஷூரன்சுக்கு 60 ஆயிரம் என்று வைத்தால் 15 லட்சம். பழைய காருக்கு 2025 பட்ஜெட்டுக்குப் பின் அடிப்படைத் தீர்வை 70 சதவீதமும், விவசாய உள்கட்டமைப்பு செஸ் 67.5 சதவீதமும் ஆக 137.5 சதவீதம். முன்பு 125 சதவீதமும் அதன் மேல் சர்சார்ஜும் இருந்தது. பெயர் மாறியதே தவிர கூட்டுத்தொகை அதேதான். 15 லட்சத்துக்கு இது 20,62,500 ரூபாய். காரின் மதிப்பையும் தீர்வையையும் கூட்டி அதன் மேல் ஜி.எஸ்.டி. போடுவார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு 18 சதவீதம், பெரிய கார்களுக்கு 40. பெரிய கார் என்றால் மேலும் 14,25,000. ஆக 15 லட்சம் மதிப்புள்ள கார் நமது கைக்கு வரும்போது 49,87,500 ரூபாய். வட்டார போக்குவரத்து அலுவலகத்தில் ஆயுள் வரி தனி. 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்குத் தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் அது 20 சதவீதம்.

கப்பல் வருவதற்கு முந்தைய நாளுக்குள் 'பில் ஆஃப் என்ட்ரி' தாக்கல் செய்தாக வேண்டும். தவறினால் முதல் மூன்று நாட்களுக்குத் தினம் 5,000 ரூபாய், அதன் பின் தினம் 10,000 ரூபாய் தாமதக் கட்டணம். துறைமுக வாடகை வேறு. ஆகவே நல்ல கிளியரிங் ஏஜெண்டை முன்னதாகவே பேசிவைத்துக்கொள்ள வேண்டும். சொந்த உபயோகத்துக்கு என்றால் இறக்குமதி ஏற்றுமதி கோடு எண் தேவையில்லை. கடை பெயரில் இறக்குமதி செய்தால் தேவை. அதற்கான அயல்நாட்டு வர்த்தக இயக்குநரக அலுவலகம் மதுரையிலேயே இருக்கிறது.

இரண்டாவது சந்தேகம்தான் நம்மை அதிகம் கவலைப்படுத்துகிறது. 1994இல் லண்டனிலிருந்து சென்னைக்கு ஒரு லெக்சஸ் கார் வந்தது. புதிய காரை 1993 மாடல் பழைய கார் என்று காகிதத்தில் காட்டி ஒரு கோடி ரூபாய்க்கு மேல் தீர்வை ஏய்த்ததாக வழக்கு. 2010இல் சி.பி.ஐ. நீதிமன்றம் சிறைத் தண்டனை விதித்தது. 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. தயாரிப்பு ஆண்டைத் திருத்திய ஒரு விஷயம் இருபத்துமூன்று ஆண்டுகள் துரத்தியிருக்கிறது.

அண்மைக் காலத்தில் 2025 செப்டம்பர் 23 அன்று கேரளத்தில் சுங்கத் துறையினர் பெரிய சோதனை நடத்தி முதல் நாளிலேயே 36 வாகனங்களைக் கைப்பற்றினர். பூட்டானிலிருந்து எல்லை கடத்திக் கொண்டுவந்து, ராணுவம், தூதரகங்கள் பெயரில் போலிக் காகிதம் தயாரித்து, இமாச்சலம் போன்ற மாநிலங்களில் பதிவு செய்து, தெற்கே விற்றார்கள் என்பது சுங்கத் துறையின் குற்றச்சாட்டு. வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு உண்மை தெரியுமோ! தீர்வை கட்டாத கார் பறிமுதலுக்கு உரியது. வாங்கியவர் புரோக்கரைத் தேட வேண்டியதுதான்.

ஆகவே ஆர்.சி. புத்தகம் மட்டும் பார்த்து முன்பணம் கொடுக்க வேண்டாம். அந்தக் காருக்கான பில் ஆஃப் என்ட்ரி, தீர்வை கட்டிய சலான், முதல் பதிவு நடந்த அலுவலகத்தின் தடையில்லாச் சான்று ஆகியவற்றைக் கேளுங்கள். சேஸிஸ் எண்ணை வண்டியிலேயே பார்த்து ஒப்பிடுங்கள். 2017 ஜூலைக்கு முன் தமிழ்நாட்டுக்குள் வந்த இறக்குமதிக் கார் என்றால் நுழைவு வரி ரசீதும் வேண்டும். ஜி.எஸ்.டி. வந்ததோடு அந்த வரி போய்விட்டாலும், பழைய பாக்கி போகவில்லை.

நமது உறுப்பினர் புரோக்கரிடம் பில் ஆஃப் என்ட்ரி நகல் கேட்டாராம். 'நாளைக்குக் கொண்டுவருகிறேன்' என்று போனவர் இன்னும் வரவில்லை. மைத்துனர் காரை ஈப்போவிலேயே விற்றுவிட்டார்.